மூன்றாவது ஆள் பார்த்த கோடு: ஒரு பனிச்சரிவின் நிகழ்வு ஆய்வு

பனிச்சரிவைப் பற்றிப் பள்ளத்தூரில் உட்கார்ந்து எழுதுவது வேடிக்கைதான். வெளியே பங்குனி வெயில். வீட்டுக்குள் குளிர்ச்சி என்று ஏதாவது இருந்தால் அது வளவின் (எங்கள் பக்கத்து வீடுகளின் உள்முற்றம்) ஆத்தங்குடிக் கல்லில்தான். எனக்கு இடது காறை எலும்பு முறிந்து, கை கழுத்துக்கட்டில் தொங்குகிறது. வலது கையால் தட்டச்சு செய்கிறேன். அதனால் நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாசி முதல் வாரம். இமாசலப் பிரதேசத்தில் சோலாங் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு கிளை ஓடை. நாங்கள் நான்கு பேர் ஸ்கீ மாட்டிக்கொண்டு ஒரு கணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். 11.40 மணிக்குச் சரிவு உடைந்தது. இருவரை இழுத்துக்கொண்டு போனது. அதில் ஒருவன் 80 சென்டிமீட்டர் ஆழத்தில் முழுக்கப் புதைந்தான். ஒன்பதாவது நிமிடத்தில் அவன் வாய் வெளியே வந்தது. இன்று நால்வரும் உயிரோடு இருக்கிறோம்.

பனிக்கு என்ன ஆயிற்று என்பதை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். எங்கள் நால்வருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்கத்தான் மூன்று நாள் பிடித்தது.

ஸ்கீ என்றதும் சினிமாவில் கதாநாயகன் சறுக்கிக்கொண்டு வருவதுதான் நினைவுக்கு வரும். நான் செய்வது அதில் ஒரு தனி வகை. இழுவைக் கம்பியோ கேபிள் காரோ கிடையாது. ஸ்கீயின் அடியில் மொஹேர் என்ற ஆட்டு ரோமம் பதித்த ஒரு பட்டையை ஒட்டிக்கொள்வோம். பூனையின் முதுகைத் தடவுவதுபோலத்தான்: முன்பக்கம் தள்ளினால் வழுக்கும், பின்பக்கம் போனால் முள்ளாகப் பிடிக்கும். ஒரு காலத்தில் சீல் என்ற கடல்நாயின் தோலில் செய்தார்கள், அதனால் இன்றைக்கும் ஸ்கின் என்றுதான் பெயர். குதிகால் விடுபட்டு நிற்க, நடந்தே மலை ஏற வேண்டும். நாலு மணி நேரம் ஏறினால் இருபது நிமிடம் இறக்கம். வட்டிக் கணக்குப் பார்க்கும் ஊரில் பிறந்தவன் இந்த வியாபாரத்தில் எப்படி இறங்கினாய் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.

வேலைக்காக சூரிக் போனவன், அங்கே இருபத்திரண்டு குளிர்காலம் இருந்துவிட்டேன். பாறையேற்றம் அதற்கும் முன்பே வந்தது. பள்ளி நாட்களில் குன்றக்குடிப் படிகளை ஓடியே ஏறுவோம், பிரான்மலைப் பக்கம் கரடுகளில் வெறுங்காலோடு ஏறிக் கீழே இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்போம். திருமயம் கோட்டைப் பாறையைப் பார்த்துக் கை அரிக்கும். தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், கை வைக்கக் கூடாது, வைத்ததும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் மலை கடந்த முதல் ஆள் நான் இல்லை. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது, கப்பல் கிடைக்காமல் காட்டுமலை வழியே நடந்து இந்தியா வந்து சேர்ந்த கூட்டத்தில் எங்கள் பாட்டையாவும் ஒருவர். அவருக்கு மலை என்றாலே ஆகாது. வீட்டில் மலை பற்றிய முதல் கதை அவருடையதுதான், அதில் அழகு என்ற சொல்லே வராது.

சரி, அன்றைக்கு இருந்த நான்கு பேர். முதலில் நான், ஐம்பத்து மூன்று வயது, வழி முடிவு செய்பவன். இரண்டாவது சூரிக் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னோடு பதினைந்து குளிர்காலம் ஏறியவர். மூன்றாவது என் ஆச்சி மகன், தேவகோட்டையில் வளர்ந்தவன், இருபத்தாறு வயது. (எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம்.) மணாலியில் இருக்கும் மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவன், ஸ்கீயில் இரண்டாவது பருவம். கடைசியாக உள்ளூர்க்காரர் ஒருவர், மணாலிக்காரர், ஸ்கீயில் எங்கள் எல்லோரையும் விட நல்லவர். அவரை நாங்கள் வழிகாட்டியாக அமர்த்தவில்லை. கூட வரும் நண்பராகவே வந்தார். இந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

இப்போது பனி. அந்தத் தை மாதம் அங்கே மழையும் இல்லை, பனியும் இல்லை. தெளிவான வானம், இரவில் கடுங்குளிர், தரையில் முழங்கால் அளவுக்கும் குறைந்த பழைய பனி. இதுதான் வில்லங்கம். பனிக்கு அடியில் தரை பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மேல்பரப்போ மைனஸ் பதினைந்துக்குப் போகும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால், கீழிருந்து ஏறும் நீராவி பனித்துகள்களை உருமாற்றி, ஒன்றோடொன்று ஒட்டாத, பட்டை தீட்டியதுபோன்ற துகள்களாக்கிவிடும். கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் வழியும். ஐரோப்பாவில் இதைப் பார்த்தாலே முகம் மாறும் எனக்கு. அதன்மேல் மேற்கிலிருந்து வந்த புயல் மூன்று நாளில் முக்கால் மீட்டர் புதுப் பனியைக் கொட்டியது. காற்று அதை வாரிக் கிழக்குச் சரிவுகளில் இறுக்கி அடித்தது. சீனிக்கு மேல் ஒரு பலகை. நாங்கள் ஏறியது கிழக்குச் சரிவு.

இது எதுவும் எனக்குத் தெரியாதது இல்லை. ஸ்கீ போட்டுப் போகிறவர்களைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பலகைப் பனிச்சரிவுதான். அது பொதுவாக 30 முதல் 45 டிகிரி சாய்வில் உடையும், பல வேளை அதை உடைப்பது மாட்டிக்கொள்ளும் ஆளின் எடையேதான். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசிப் பக்கம் திரௌபதி கா டாண்டாவில் பயிற்சிக்குப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தபோது, ஆச்சி டி.வி. பார்த்துவிட்டுப் போன் செய்து, “நீ போற மலையும் இப்படித்தானா தம்பி?” என்று கேட்டாள். அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். சாய்வு, காற்று, அடுக்கு என்று எல்லாம் சொன்னேன். கடைசியில் அவள், “சரி, ஒனக்குத்தான் எல்லாம் தெரியுதே” என்று வைத்துவிட்டாள். அந்த நம்பிக்கையில்தான் மகனை என்னோடு அனுப்பினாள்.

அன்று காலை நடந்ததை நேர வரிசையில் சொல்கிறேன். முந்திய இரவு சாப்பிடும்போது மணாலிக்காரர், “பனி இன்னும் ரெண்டு நாள் உட்காரட்டுமே” என்றார். சொன்ன தொனி, ‘இன்னொரு சப்பாத்தி போடட்டுமா’ என்பதுபோல இருந்தது. நான், “காலையில் பார்த்து முடிவு செய்வோம்” என்றேன். காலையில் வானம் கண்ணைப் பறித்தது. எங்களுக்குத் திரும்பும் விமானம் மூன்றாம் நாள். காலையில் பார்த்தது வானத்தைத்தான்.

10.20க்கு மரக்கோட்டுக்கு, அதாவது மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு, மேலே ஒரு சமவெளி. அங்கே நடக்கும்போது காலடியில் ‘வும்ப்’ என்று ஒரு சத்தம். பத்தாயத்துக்குள் நெல் சரிவதுபோல, அடைத்த சத்தம். பலகைக்குக் கீழே இருக்கும் பலவீன அடுக்கு நொறுங்கி உட்காரும் சத்தம் அது. சமவெளி என்பதால் சரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நான் கேட்டேன். நின்றேன். பிறகு, “இது தட்டை, மேலே பார்த்துக்கொள்வோம்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

11.15க்கு முதல் வளைவு. சரிவில் இடமும் வலமுமாக மாறிமாறி ஏறும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காலைத் தூக்கி எதிர்த்திசைக்கு வீசி வைக்க வேண்டும், கிக் டர்ன் என்போம். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்த இடத்தில் தரையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். என் மருமகன் பார்த்தான். அவன் ஸ்கீ முனையிலிருந்து மேல்நோக்கி, கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு, மூன்று நான்கு மீட்டர் ஓடியது. எனக்கு முன்னால் கோடு எதுவும் ஓடவில்லை. நான் கடந்துபோய்விட்டேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.

11.40க்கு சரிவின் வயிறு மாதிரிப் புடைத்த இடத்தில் இருந்தோம். ஒருவர் கடந்து முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருப்பதுதான் விதி. அன்று பத்து மீட்டர் இடைவெளியில் பேசிக்கொண்டே போனோம். சத்தம் எதுவும் நினைவில்லை. எனக்கு மேலே வெள்ளைச் சுவர் துண்டு துண்டாகத் தளர்வதைப் பார்த்தேன், அப்புறம் கால் இல்லை. கால் இருந்தது, தரை இல்லை. நூறு மீட்டருக்கு மேல் உருண்டு இடுப்பளவு பனியில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் மருமகன் இல்லை. நண்பரும் மணாலிக்காரரும் ஓரத்தில் இருந்ததால் தப்பினார்கள்.

மேலே நின்ற இருவரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றினார்கள். எல்லோர் மார்பிலும் கட்டியிருக்கும் சிறு கருவி அது. உலகம் முழுக்க ஒரே அலைவரிசை, 457 கிலோஹெர்ட்ஸ். திரையில் ஓர் அம்புக்குறி, ஓர் எண். 38 என்றது. 22. 9. பிறகு பனியோடு கருவியை ஒட்டவைத்துக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்த, 1.1, 0.9, மறுபடி 1.2. 0.9 காட்டிய இடத்தில், புதைந்தவரைக் குத்தித் தேடும் மடக்குக் கம்பியை இறக்கினார் நண்பர். இரண்டாவது குத்தில் கம்பி கல்லில் படுவதுபோல இல்லாமல், தண்ணீரில் ஊறிய மூட்டையில் படுவதுபோல நின்றது. அந்தக் கம்பியை எடுக்கவில்லை. அதன் கீழ்ப்பக்கச் சரிவிலிருந்து தோண்டினார்கள். நின்றுபோன பனிச்சரிவு பஞ்சு இல்லை, காய்ந்த சிமெண்ட். நான் ஒற்றைக் கையால் அவர்கள் வெட்டிய கட்டிகளைப் பின்னால் தள்ளினேன். முதலில் தெரிந்தது ஆரஞ்சு நிறத் தொப்பி. அதன் கீழே முகம், உதடு நீலம். வாயிலிருந்த பனியை விரலால் வழித்தெடுத்ததும் ஓர் இருமல். அந்த இருமலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேர்தான். ஐரோப்பியக் கணக்கு இது. ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பதுதான் இதற்கு அர்த்தம். பக்கத்தில் நிற்பவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை. எங்கள் மூவரிடமும் கருவி இருந்தது, மண்வாரி இருந்தது, பழக்கம் இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒன்பது நிமிடம் வேலை செய்யத் தெரிந்த எங்களால், அதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வாய்திறக்க முடியவில்லை. ஆய்வு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மாதம் கழித்து, நண்பர் சூரிக் திரும்பும் முன் இங்கே வந்தார். மணாலிக்காரரைக் கைப்பேசியில் பிடித்தோம். முதல் நாள் பனியைத்தான் பேசினோம். வளவில் ஒரு தேக்குப் பலகையில் சாக்கைக் கட்டி, மேலே அரிசி மாவைப் பரப்பி, அதன்மேல் விரற்கடை கனத்தில் சீனி தூவி, அதற்கும் மேல் மாவைச் சலித்து டம்ளரால் மெல்ல அழுத்தினோம். கைப்பேசியில் சாய்வுமானியைத் திறந்து பலகையோடு வைத்து ஆச்சி மகன் மெதுவாகத் தூக்கினான். இருபது, இருபத்தைந்து, முப்பது. ஒன்றும் ஆகவில்லை. “இப்ப மாவு மேல ஒரு ஓரத்துல கட்டை விரலை வைங்க அம்மான்” என்றான். வைத்தேன். பலகையின் முழு அகலத்துக்கும் ஒரே நொடியில் கோடு ஓடி, மாவு அப்பளம் மாதிரி ஒன்றாக இறங்கித் தரையில் நொறுங்கியது. விரல் பட்டது ஒரு மூலையில், கோடு தொடங்கியது அதற்கு ஒரு முழம் மேலே. வாசலில் நின்று பார்த்த ஆச்சி, “அரைப்படி சீனி போச்சு” என்றாள். ஆனால் உள்ளே போகவில்லை.

மறுநாள் ஒவ்வொருவரும் தனித்தனியாக, மற்றவர் இல்லாமல், அன்று பார்த்ததையும் நினைத்ததையும் எழுதினோம். பிறகு சேர்த்துப் படித்தோம். நான் எழுதியதில் ‘வும்ப்’ ஒரு வரி. நண்பர் இரண்டு ‘வும்ப்’ எழுதியிருந்தார். இரண்டாவதை நான் கேட்கவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நான் நினைச்சன் அண்ணை, நீங்கள் கேட்டிருப்பியள் எண்டு. பதினைஞ்சு வருசமா நீங்கள் பாத்துத்தானே போறியள்” என்றார். மணாலிக்காரர், தான் முந்திய இரவே சொன்னதாகவும், இரண்டாம் தரம் சொன்னால் வந்த விருந்தாளிகளை அவமதித்ததுபோல ஆகும் என்று விட்டதாகவும் சொன்னார். மருமகன் தாளில் அந்தக் கோட்டை வரைந்தே வைத்திருந்தான், நீளம், திசை, எந்த வளைவு என்பதோடு. அதன் கீழே: ‘அம்மான் நிற்கவில்லை. அதனால் இது சாதாரணம் என்று நினைத்தேன்.’

பனிச்சரிவு ஆராய்ச்சியில் இதற்குப் பெயர் உண்டு. இயன் மெக்கம்மன் என்ற அமெரிக்கர் நூற்றுக்கணக்கான விபத்துகளை ஆராய்ந்து, தேர்ந்தவர்களே மாட்டிக்கொள்ளும் மனப்பொறிகளை அடுக்கினார்: பழகிய இடம், போட்ட திட்டத்தை விட மனமில்லாமை, கூட்டத்தில் ஒருவருக்குச் சூட்டப்படும் நிபுணர் ஒளிவட்டம் என்று. படித்திருக்கிறேன். மற்றவர்களுக்குப் பாடம்கூட எடுத்திருக்கிறேன். ஒளிவட்டம் யார் தலைக்குப் பின்னால் இருக்கிறதோ அவனுக்கு மட்டும் அது தெரியாது என்பதை நான் பாடத்தில் சேர்க்கவில்லை. எல்லாம் தெரிந்த அந்த ஆராய்ச்சியில் ‘அம்மான்’ என்ற சொல்லுக்கு என்ன எடை என்றும் இல்லை. எங்கள் வீட்டில் தாய்மாமன் நடக்கும்போது அவன் காலடியைத் திருத்துவது மருமகனுக்குப் பழக்கம் இல்லை, நானும் பழக்கியதில்லை. பழநிக்குப் பாதயாத்திரை போகும்போது முன்னே போகிறவர் நடந்தால் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நடையைத்தான் நாங்கள் மலைக்கும் கொண்டுபோனோம்.

மூன்றாம் நாள் ஆச்சி வந்து உட்கார்ந்தாள். தாள்களைப் படித்தாள். மகன் வரைந்த கோட்டில் விரலை வைத்துக்கொண்டு, “இவன் பாத்தேங்கிறான். நீ ஏன் தம்பி கேக்கல?” என்றாள். அவன் சொல்லாததைப் பற்றித்தான் நாங்கள் மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். நான் கேட்காததைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்புறம் அவளே பாட்டையா கதையை எடுத்தாள். பர்மாவில் ஒரு வட்டிக்கடைக் கிட்டங்கியில் அவர் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த புதிது. மேலே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் கணக்குப் பெட்டி அருகில் உட்காரும் இந்தப் பையன். ஒரே வயல் இரண்டு பேரேட்டில் ஈடாக ஏறியிருப்பதை அவர் பார்த்தாராம். மேலாள் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டாராம். கணக்கு முடித்து ஐந்தொகை போடும்போது இடித்தது. அதற்குப் பிறகு அந்த மேலாள் ராத்திரி பெட்டி பூட்டும் முன் பையனைக் கூப்பிட்டு, “ஒன் கண்ணுல என்ன பட்டுச்சு?” என்று முதலில் அவனைத்தான் கேட்பாராம். கதை இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால் எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. எங்கள் வீட்டுக் கதைகள் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கொஞ்சம் மெருகேறும். இருந்தாலும் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டேன்.

செய்துகொண்ட ஏற்பாடு இவ்வளவுதான். இனி ஒவ்வொரு நிறுத்தத்திலும் வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லக் கூடாது. கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டும், காரணம் கீழே வந்து பேசிக்கொள்ளலாம். எழுதும்போது எளிதாகத்தான் இருந்தது.

போன வாரம், என் கட்டு அவிழ இன்னும் பத்து நாள் இருக்கும்போதே, மருமகனும் அவன் கூட்டாளியும் ஏற, நான் கீழே நின்று பார்ப்பதாக ஏற்பாடு. பிரான்மலைப் பக்கம் ஒரு கரடு. காலை ஆறரை மணி, பாறை இன்னும் சூடேறவில்லை, உள்ளங்கை வியர்க்காத அருமையான நேரம். நான் சிறுவயதில் ஏறிய வெடிப்பு அது, இத்தனை வருடம் கழித்து அவன் ஏறிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கயிறு கட்டி, முடிச்சு சரிபார்த்து, மாவுருண்டை டப்பாவை நிழலில் வைத்தோம். அவன் அண்ணாந்து பார்த்தான். வெடிப்புக்கு இருபதடி வலப்பக்கம், பாறை நெற்றியின் கீழே, கறுப்பாக ஒரு மலைத்தேனீக் கூடு.

“கூடு அலையடிக்குது அம்மான். எறங்கிருவோம்.”

நான் பார்த்தேன். கூட்டின் மேல் ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது, அல்லது வெயில் நகர்ந்தது. அந்தக் கூடு அங்கே எப்போதும் இருப்பதுதான். நான் ஏறிய காலத்திலும் இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. கழுத்துக்கட்டை ஒருமுறை சரிசெய்துகொண்டேன்.

கயிற்றைச் சுருட்டினோம். ஊருணிக்கரையில் உட்கார்ந்து மாவுருண்டை தின்றோம். ஏழரை மணி வரை நான் அந்தப் பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேனீ ஒன்றும் கிளம்பவில்லை.